ஆட்சேபணை இல்லை

மாமா போனை எடுக்கவில்லை. முனீஸ்வரி வியர்வை பட்ட திரையை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. பந்தலில் கொட்டுக்காரர்கள் ஒரு சுற்று அடித்து முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா வெள்ளைத்துரை படுத்திருந்தார். கண்ணாடியில் பனி படிந்து அவர் முகம் சரியாகத் தெரியவில்லை.

“இந்தா, கிளம்பிட்டேன் பாப்பா” என்று முத்துக்குமரன் மாமா சொன்னது விடியற்காலையில். உசிலம்பட்டியிலிருந்து எழுமலைப் பக்கத்து ஊருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? நடந்தே வந்திருந்தாலும் இந்நேரம் வந்து சேர்ந்திருக்கலாம்.

அவர் வராமல் அப்பாவைத் தூக்க முடியாது. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று இருப்பது அவர் ஒருவர்தான். பிறந்த வீட்டுக் கோடிச்சேலை அம்மாவின் தோளில் விழுந்த பிறகுதான் பாடை நகரும். ஊர் வழக்கம் அப்படி. கோடி போட ஆளில்லாமல் போன பொம்பளை என்ற பேர் வந்துவிட்டால் அம்மா அதைச் சாகிற வரைக்கும் சுமப்பாள். முனீஸ்வரிக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் போனைத் தூக்கிச் சுவரில் எறியாமல் கையில் வைத்திருந்தாள்.

“மாமா எங்க வாராராம் தங்கச்சி?”

ஜெயபாண்டி வந்து நின்றான். பெரியப்பா மகன். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நேற்று சாயங்காலத்திலிருந்து அவன்தான் எல்லாவற்றுக்கும் ஓடிக்கொண்டிருந்தான். பந்தல் போட்டது, ஐஸ் பெட்டி பிடித்தது, நாலு ஊருக்குக் கேதம் சொல்ல வண்டி அனுப்பியது, தோட்டத்தில் குழி வெட்ட ஆள் விட்டது எல்லாம் அவன்தான். முனீஸ்வரி ஒரே பிள்ளை. அவள் புருஷன் வெங்காய லோடு ஏற்றப்போய் நாசிக்கில் கிடந்தான். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் கொள்ளிக்குடம் தூக்குவது பங்காளி வீட்டு மகன். அதையும் இவன்தான் தூக்க வேண்டும்.

“தெரியலண்ணே. எடுக்க மாட்டேங்குறாரு.”

“பொழுது சாயுறதுக்குள்ள அடக்கம் பண்ணணும். சொல்லு” என்று சொல்லிவிட்டு அவன் டீ கேனைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் போனான்.

அப்பா வழக்குப் போட்டிருந்தது இந்த ஜெயபாண்டி மேல்தான்.

தோட்டத்துக்கு ஒரு வண்டிப்பாதை இருந்தது. தாத்தா காலத்தில் மாட்டு வண்டியும் அப்பா காலத்தில் டிராக்டரும் அதில்தான் போனது. பெரியப்பா செத்த மறு வருஷம், பாதை தன் சர்வே நம்பரில் வருகிறது என்று சொல்லி ஜெயபாண்டி கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டான். அதிலிருந்து அப்பாவுக்குக் கண்மாய்க் கரைதான் வழி. ஒற்றை ஆள் நடக்கிற கரை. இருட்டோடு பறித்த மல்லி மொட்டைத் தலையில் சுமந்து, கரையைச் சுற்றி, ரோட்டுக்கு வந்து வேன் பிடித்து மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட்டுக்கு அனுப்புவார். அங்கே போய்ச் சேரும்போது பாதி மொட்டு வாய் திறந்திருக்கும். கமிஷன் கடையில் பில் போடுகிற முனீஸ்வரி தன் கையாலேயே தன் அப்பன் பூவை இரண்டாம் தரத்தில் தள்ளியிருக்கிறாள்.

நேற்று உர மூட்டையோடு கரையில் நடந்தவர் நடுவழியில் மூட்டையை இறக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறார். ஆடு பத்திக்கொண்டு வந்தவர்கள் பார்க்கும்போது மூட்டைமேல் சாய்ந்திருந்தாராம். அசந்து தூங்குகிறார் என்று அவர்கள் ஒதுங்கி நடந்து போயிருக்கிறார்கள்.

பாதைக்காகப் போட்ட வழக்கை நடத்தியது, உசிலம்பட்டியில் வக்கீலாக இருக்கிற மாமா. நடத்தியது என்ற சொல்லே பெரிய சொல். வக்காலத்தில் அப்பா கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அது வாய்தாவில்தான் ஓடியது. எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்றார். ஜட்ஜ் மாற்றல் ஆகிவிட்டார் என்றார். மற்றபடி மாமா வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். வரும்போதெல்லாம் அப்பா நாட்டுக்கோழி அடித்தார். நல்லது கெட்டது எல்லாம் பேசுவார்கள். கேஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது.

“கேளுங்கப்பா” என்று முனீஸ்வரி சமையல் கட்டிலிருந்து கண்ணைக் காட்டுவாள்.

மாமா கார் ஏறிப் போன பிறகு அப்பா சொல்வார்: “மச்சான்கிட்ட எப்பிடித்தா கேக்குறது? சந்தேகப்பட்ட மாதிரி ஆயிராதா? வெளி வக்கீலுன்னா சட்டையப் பிடிச்சுக் கேக்கலாம்.”

“அதுக்குத்தானப்பா வெளி வக்கீலு வேணுங்கிறேன்!”

“மெதுவாப் பேசு. அம்மா காதுல விழுந்திரப் போகுது.”

இது என்ன கணக்கு என்று முனீஸ்வரிக்கு விளங்கியதே இல்லை. சொந்தக்காரன் என்பதால் நம்பிக் கொடுத்தார்கள். சொந்தக்காரன் என்பதால் கேட்க முடியவில்லை. கேட்க ஆள் இல்லை என்பதால் அவர் போகவில்லை. போன ஆவணியில் மாமா ஆஜராகாமல் விட்ட ஒரு வாய்தாவில் வழக்கு தள்ளுபடி ஆனது. கடையில் உட்கார்ந்து போனில் கோர்ட்டு இணையதளத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள், மாமாவுக்குப் போன் அடித்தாள். “அது ஒண்ணுமில்ல பாப்பா. ஒரு மனுப் போட்டா திரும்ப எடுத்துருவாங்க” என்றார். மனு போடப்படவில்லை. அப்பாவிடம் சொன்னதற்கு, “மச்சானுக்கு அன்னைக்கு ஏதாச்சும் சோலி இருந்திருக்கும்” என்றார். பாதை போன மனிதர் பேசுகிற பேச்சா அது?

கடை முதலாளிதான் மாதங்கி வக்கீலின் விலாசத்தைக் கொடுத்தார். மதுரையில் மாடி அறை ஒன்றில் அந்த அம்மா எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டது. “எடுத்து நடத்தலாம். ஆனா ஏற்கெனவே ஒரு வக்கீல் இருக்கார் இல்லையா? அவர் ஆட்சேபணை இல்லைன்னு சொல்லணும்மா. அவரை மீறி நான் உள்ள வரக் கூடாது, அது எங்க தொழில் மரியாதை. கேட்டுட்டு வாங்க.”

யார் கேட்பது? வீட்டில் பேச்செடுத்தபோது அம்மா அன்னக்கொடி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். “எந்தம்பி குத்துக்கல்லு மாதிரி இருக்கயில வெளியாளுக்கு வக்காலத்துக் குடுப்பீகளா? நாளைக்கு அவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த வீட்டு வாசல மிதிப்பான்?” அதோடு முடிந்தது. அப்பா பழையபடி கரையில் நடந்தார்.

உச்சி வெயில் இறங்கத் தொடங்கிய நேரத்தில் கார் வந்தது. மாமா வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாக இறங்கினார். கழுத்தில் வக்கீல் பட்டை மட்டும்தான் இல்லை. முனீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோர்ட்டுக்குப் போய்விட்டு வருகிறார்! அப்பா வழக்குக்குப் போகக் கால் வராத மனிதர், அப்பா சாவன்று எவனோ ஒருவன் வழக்குக்குப் போய் நின்றிருக்கிறார்.

“ஒரே ஒரு வாய்தா பாப்பா. சொல்லிட்டு ஓடியாந்துட்டேன்” என்று அவள் கேட்காமலே சொன்னார். அதற்குள் அவர் கண் ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டது. செருப்பைக் கழற்ற மறந்து, பெட்டிமேல் விழுந்து, “மச்சான்... என்னைய விட்டுட்டுப் போயிட்டியே மச்சான்” என்று அழுதார். நாலு பேர் பிடித்தும் தூக்க முடியவில்லை. அந்த அழுகையில் பொய் இல்லை. அதுதான் முனீஸ்வரிக்குத் தாங்கவில்லை. பொய்யாக அழுதிருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

அம்மா தம்பியின் தலையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு அவளும் அழுதாள். கார் பின்சீட்டில் கோடிச்சேலை கடைப் பையோடு கிடந்தது.

நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து, குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பாடையில் வைத்தாகிவிட்டது. கொட்டு மறுபடி தொடங்கியது. கோடி மட்டும்தான் பாக்கி. மாமா பையைப் பிரித்துச் சேலையைக் கையில் எடுத்தபோது ஜெயபாண்டி தூக்குகிற ஆட்களிடம் சொல்வது கேட்டது:

“கரைப் பக்கம் போக வேணாம்ப்பா. நேரா வண்டிப்பாதையில விட்டுருங்க. முள்ள எடுத்துப் போட்டுட்டேன்.”

மாமாவின் கை நின்றது.

“பொறு மாப்ள. எந்தப் பாதை?”

“வண்டிப்பாதைதான் மாமா. இன்னைக்கு ஒரு பொழுதுக்குத் தெறந்து விட்டுருக்கேன். சித்தப்பன நேரா கொண்டு போயிரலாம்ல.”

“யாரக் கேட்டுத் தெறந்த?”

“நான் அடச்சத நான் தெறக்க யாரக் கேக்கணும்?”

“அதத்தான்யா சொல்றேன்!” மாமா சேலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அழுது கட்டிப்போயிருந்த குரல் சட்டென்று தெளிந்தது. “எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. அந்தப் பாதை எங்க மச்சானுக்குப் பாத்தியப்பட்டது. மூணு தலமொறையா யாரையும் கேட்டுக்கிட்டு அதுல போகல. இன்னைக்கு இவன் அனுமதி குடுத்து நாம அதுல போனம்னா, அது இவன் பாதைன்னு நாமளே ஒத்துக்கிட்டதா ஆயிரும். நாளைக்குக் கோர்ட்டுல இதையே எடுத்து நீட்டுவான். அந்தா ஒருத்தன் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு நிக்கிறான். அது போதும், கேஸு குளோஸ்.”

கொட்டு தானாக ஓய்ந்தது. வீடியோ எடுத்தவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

முனீஸ்வரி மாமாவையே பார்த்தாள். அவர் அப்பாவுக்காக வாதாடி அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எவ்வளவு நன்றாகப் பேசுகிறார்! வழக்கு அவருக்கு அத்துபடி. எந்த இடத்தில் பிடித்தால் எது உடையும் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் போகாமல் இருந்திருக்கிறார். அவர் விவரம் பத்தாத வக்கீல், அதனால்தான் இப்படி என்று இத்தனை நாளும் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அதுவும் போய்விட்டது.

“அப்ப எப்பிடித்தான் போறதாம்?” என்று செல்லத்தாய் அத்தை கேட்டாள். அப்பாவின் தங்கை.

“கரை வழியாத்தான். செரமமாத்தான் இருக்கும். என்ன செய்யிறது.”

“ஒத்த ஆளு நடக்குற கரையில நாலு பேரு எப்பிடிய்யா தோள் குடுப்பாக? எங்கண்ணன் உசுர விட்ட கரைய்யா அது.”

“உணர்ச்சிவசப்பட்டுப் பேசுனா சட்டம் கேக்காதுங்க்கா.”

ஜெயபாண்டி கொள்ளிக்குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாடையின் முன்னால் நின்றான். எப்படி முடிந்தாலும் தனக்கு நஷ்டமில்லை என்று நிற்கிறானா, நிஜமாகவே சித்தப்பனுக்காகத்தான் திறந்தானா என்று முனீஸ்வரிக்குப் பிடிபடவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம். அதை யோசிக்க இப்போது நேரமில்லை.

“மாமா” என்றாள்.

“நீ சும்மா இரு பாப்பா. உனக்காகத்தான் பேசுறேன்.”

“எங்கப்பன் கரையில நடந்தது போதும் மாமா. பாதையில போகட்டும்.”

“அதில்லம்மா, கேஸு...”

“கேஸுதான் தள்ளுபடியாயிருச்சே. நீங்க போகல, தள்ளுபடி ஆயிருச்சு.”

வீட்டுக்குள் மட்டும் இருந்த பேச்சு தெருவுக்கு வந்துவிட்டது. ஜெயபாண்டிகூடத் தலையைக் குனிந்துகொண்டான். மாமாவின் முகம் கறுத்தது.

“அத எடுத்துரலாம்னு சொன்னேன்ல. ஒரு மனு...”

“எடுக்கலாம். வேற ஆள வச்சு எடுத்துக்கிறேன். எனக்கு வக்கீலா நீங்க வேணாம் மாமா.” குரல் உடைந்தது. அவளுக்கே தன் மேல் ஆத்திரமாக வந்தது, இப்போதா உடைய வேண்டும் என்று. “மாமனா இருங்க. எங்கம்மாளுக்குக் கோடியப் போடுங்க. வெயில்ல கெடக்காரு அப்பா.”

சொல்லிவிட்டாள். இனி அவர் சேலையைத் திண்டில் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போகலாம். இதைவிடச் சின்னப் பேச்சுக்கெல்லாம் மாமன்மார் எழுந்து போய், பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற ஊர்தான் இது. காரின் சாவி அவர் விரலிலேயே கிடந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்க்க முனீஸ்வரிக்குத் துணிச்சல் வரவில்லை.

அம்மா பாடையின் கால்மாட்டில் இருந்து எழுந்தாள். யாருடைய கையையும் பிடிக்காமல் நாலடி நடந்து வந்து தம்பிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

“போடு தம்பி. நேரமாச்சு” என்றாள்.

மாமா சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். சேலை மடிப்பை உதறினார். அது சரியாக விரியவில்லை. செல்லத்தாய் அத்தை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் தோளில் கோடி விழுந்ததும் பெண்கள் கூட்டம் ஓவென்று குரலெடுத்தது. கொட்டு அடித்தது. பாடை எழுந்தது.

தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். முனீஸ்வரி நிற்கவில்லை.

“பொம்பளப்பிள்ள எங்கடி வார?” என்று அத்தை கையைப் பிடித்தாள்.

“தோட்டத்துக்கு வாரேன் அத்த. சுடுகாட்டுக்கா வாரேன்? எங்கப்பன் தோட்டத்துக்குத்தான வாரேன்.”

பாதையின் வாயில் முள் இரண்டு பக்கமும் ஒதுக்கிப் போடப்பட்டிருந்தது. ஜெயபாண்டி கொள்ளிக்குடத்தோடு முன்னால் போனான். வண்டித்தடத்தில் இத்தனை வருஷமும் புல் மண்டிக் கிடந்தது. ஆனாலும் தடம் தடமாகவே இருந்தது. கரையைச் சுற்றினால் அரை மணி ஆகிற தூரம். கொட்டு ஒரு பாட்டம் அடித்து முடிப்பதற்குள் தோட்டம் வந்துவிட்டது. இம்புட்டுத்தானா என்று முனீஸ்வரிக்கு இருந்தது. இம்புட்டு வழிக்குத்தானா.

மல்லிச்செடிகள் வெள்ளையாக நின்றன. இன்று பறிக்க ஆளில்லை. மொட்டெல்லாம் செடியிலேயே விரிந்துவிட்டது. மார்க்கெட்டில் யாரும் தொட மாட்டார்கள். கிணற்றடியில் குழி. குழியை மூன்று சுற்றுச் சுற்றி ஜெயபாண்டி குடத்தைப் போட்டு உடைத்தான். மண் தள்ளும்போது அவன் தோள் குலுங்கியது. மாமா ஒரு பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டுப் பம்ப்செட் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முனீஸ்வரி போட்ட மண்ணில் இரண்டு மூன்று மல்லியும் சேர்ந்து விழுந்தது.

எல்லாரும் பம்ப்செட்டில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு கலைந்து போனார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மாமா யாரோ கொடுத்த வேட்டியைக் கட்டியிருந்தார். அது அவர் உயரத்துக்குப் பத்தவில்லை. பாதையில் அவளுக்கு ஓரடி பின்னால் வந்தார்.

“யாரு வக்கீலு?” என்றார்.

“மாதங்கின்னு ஒருத்தவுக. மதுரையில.”

“தெரியும். வாய்தா வாங்க மாட்டாங்க.” வேட்டி நுனியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். “எங்கிட்டக் கையெழுத்து வேணும்னு சொல்லியிருப்பாங்களே.”

“ஆமா மாமா.”

“நாளைக்கு ஆபீசுக்கு வா பாப்பா. போட்டுத் தாரேன்.”

நாளைக்கு. முனீஸ்வரி நின்றாள். பாதையின் வாயில் ஜெயபாண்டி ஒரு முள்கட்டைக் கவைக்கம்பில் கோத்துப் பிடித்துக்கொண்டு, இவர்கள் வெளியே வருவதற்காகக் காத்திருந்தான். ஒரு பொழுதுக்கு என்றுதானே சொன்னான். பொழுது இறங்குகிறது. சொன்னால் சொன்னபடி நிற்கிற ஆள்.

அவள் போனை எடுத்து மாதங்கியின் எண்ணைப் போட்டாள். எதிர்முனையில் எடுத்ததும், “மேடம், எங்க மாமா பேசுறாரு” என்று சொல்லி நீட்டினாள்.

மாமா அந்தப் போனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

“வணக்கம் மேடம். முத்துக்குமரன் அட்வகேட் பேசுறேன். உசிலம்பட்டி. வெள்ளைத்துரை கேஸு... ஆமா. இல்ல, இன்னைக்குத்தான் அடக்கம் பண்ணினோம். ஆமா, அக்கா வீட்டுக்காரர்தான்.” எதிர்முனை கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டார். “எனக்கு ஆட்சேபணை இல்லீங்க” என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு முன்னால் நடந்து, முள்ளுக்கு அந்தப்பக்கம் போய், காரை நோக்கி நிற்காமல் போனார்.

ஜெயபாண்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். முள்ளைச் சற்றுத் தூக்கிப் பிடித்து அவளுக்கு வழி விட்டான்.

“பாத்து வா தங்கச்சி. காலுல குத்திரும்.”

முனீஸ்வரி சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நாலைந்து அடி நடந்த பிறகு, பின்னால் முள்ளை இழுத்து அடைக்கிற சத்தம் கேட்டது.